வாரிசும் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. அரசாங்கம் அடித்து வெளியிடும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமல், பிறர் உரிமையைப் பறிக்காமல் நடந்து கொள்ளும் நேர்மையும் நாணயம். வியாபாரத்தில் பிறந்து வியாபாரத்தில் வளர்ந்த சமூகத்தவராகிய நமக்கு இவ்விரண்டும் நன்கு பழக்கமானவை. இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியின் முன்னால் சந்திக்கும் வேளை ஒன்று உண்டு. தந்தையார் மௌத்தாகி, அவர் ஆயுள் முழுதும் சேர்த்து வைத்த அரிய காசுகள் பிள்ளைகளின் கைக்கு வரும் வேளையே அது. அவ்வேளையில் நாம் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத செல்வர்களின் விஷயம் என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. குளுவாங் ரயில் பாதையாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த ஊர். நம் முன்னோர் இம்மாதிரி ஊர்களுக்கு வந்து சில்லறைக் கடையும், துணிக்கடையும், சாப்பாட்டுக் கடையும் வைத்தார்கள். பணமாற்று வியாபாரமோ இந்நாட்டில் தமிழ் முஸ்லிம்கள் பெயர் பெற்ற தொழில். நாள்தோறும் கல்லாவில் வந்து விழும் காசுகளில் ஏதேனும் ஒன்று வித்தியாசமாகத் தென்பட்டால் அதைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் பலரிடம் இருந்தது. 1903இல் பம்பாய் அக்கசாலையில் அடிக்கப்பட்டு இங்கே வந்த நீரிணைக் குடியேற்ற நாட்டின் பெரிய வெள்ளிக் காசு, சதுர வடிவிலான ஒரு சென் செப்புக் காசு, 1967 ஜூன் 12ஆம் தேதி பேங்க் நெகாரா முதன்முதலாக வெளியிட்ட மலேசியக் காசுகள் ஆகியவை இப்படித்தான் வீடுகளில் சேர்ந்தன. ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமர நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமானதைக் கண்ட தலைமுறைக்கு, கையில் கனக்கும் உலோகத்தின் மீது தனி நம்பிக்கை இருந்ததில் வியப்பில்லை. பின்னாளில் வசதி வந்தவர்கள், 1976இல் வனவிலங்குப் பாதுகாப்பை முன்னிட்டு வெளியான 500 ரிங்கிட் தங்கக் காசு, 2001இல் வெளிவந்த கீஜாங் எமாஸ் முதலியவற்றையும் வாங்கி வைத்தார்கள்.

அவ்வாறு சேர்த்தவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தங்கள் காசுகளைத் தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு அனுப்பி மதிப்பெண் பெற்று வைத்திருக்கின்றனர். இம்முறையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் கூறுவோம். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் பழைய செப்புக் காசுகளின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டுக் கூறும் முறையொன்றை ஏற்படுத்தினார். பின்பு அம்முறை எல்லாக் காசுகளுக்கும் விரிந்தது. அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனமும், 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் இதனையே தொழிலாகக் கொண்டு வேலையைத் தொடங்கின. அனுப்பப்படும் காசு அசலா போலியா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு தேய்மானம், கீறல், பளபளப்பு, அச்சின் கூர்மை இவற்றைக் கொண்டு எண் இடுகிறார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் காசை வைத்து மூடி, அதன்மேல் எண்ணையும் அடையாளக் குறியையும் பொறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். 60க்கு மேற்பட்ட எண் பெற்றது புழக்கத்தில் படாத காசு. 70 என்பது குறையே காணப்படாதது. ஓரிரு எண் வித்தியாசத்தில் விலை பல மடங்கு மாறுவதும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எண் காசின் உடம்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்தக் காசு யாருடையது, எப்படி வந்தது, இனி யாரைச் சேர வேண்டும் என்பவற்றைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஆனால் தந்தையின் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி "இதற்கு என்ன விலை போகும்?" என்பதாகவே இருக்கிறது. "இது யாருடையது?" என்ற கேள்வியே முந்தி வர வேண்டியது. விலையைக் கேட்டபின் உரிமையைக் கேட்கப் புகுந்தால், விலை நம் தீர்ப்பைச் சாய்த்துவிடும். ஆதலின் உரிமையைத் தீர்த்துவிட்டே விலையைப் பார்க்க வேண்டும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1933இல் அமெரிக்க அரசாங்கம் 20 டாலர் தங்கக் காசுகள் 445,500 அடித்தது. ஆனால் அவ்வாண்டே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்கக் காசுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறக் கட்டளையிட்டார். ஆகவே புதிதாக அடித்தவை முறைப்படி வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. எனினும் ஒரு சில எப்படியோ வெளியே சென்றுவிட்டன. அவற்றுள் ஒன்று எகிப்து மன்னர் பாரூக்கின் சேகரிப்பை அடைந்தது. அதை ஏற்றுமதி செய்ய 1944இல் அமெரிக்க அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தது. பாரூக் முடியிழந்தபின் 1954இல் அவர் சேகரிப்பு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கா கேட்டுக் கொண்டதால் அக்காசு மட்டும் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் காணாமற் போயிற்று. நெடுங்காலம் கழித்து 1996இல் நியூயார்க்கில் பிடிபட்ட ஒரு காசு மன்னரிடம் இருந்ததே என்று கருதப்பட்டது. வழக்கு நடந்து, சமரசம் ஏற்பட்டு, அது 2002இல் 75 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதே காசு 2021இல் ஏறக்குறைய 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விற்றது.

பிலடெல்பியா நகரில் இஸ்ரேல் சுவிட் என்ற நகை வியாபாரி இருந்தார். அவர் 1990இல் காலமானார். 2003இல் அவருடைய மகள் குடும்பத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் அதே 1933ஆம் ஆண்டுத் தங்கக் காசுகள் பத்தைக் கண்டெடுத்தார். மகளும் பேரன்மாரும் அவை அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி அரசாங்கத்தின் அக்கசாலையிடமே அவற்றை ஒப்படைத்தனர். அசல்தான் என்று அக்கசாலை கூறியது. ஆனால் அவை அரசாங்கத்தின் பொருள் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2011இல் ஜூரிகள் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். 2015இல் மேல் நீதிமன்றத்தின் ஒரு பகுதியினர் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னதை, 2016இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு மாற்றியது. 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக் கொள்ளவில்லை.

ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலை, ஒரே அச்சு. ஒன்றுக்கு கோடிக்கணக்கில் விலை. பத்துக்கு அவ்வாரிசுகளின் கையில் ஒரு காசு மதிப்பும் இல்லை. இந்த வித்தியாசம் காசின் தரத்தினால் வந்ததன்று; உரிமையினால் வந்தது. அந்த மகள் எந்தத் தவறும் செய்யவில்லையே, அவர் மீது ஏன் இந்தச் சுமை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் குற்றமின்மை வேறு, உரிமை வேறு. நாம் அறியாமல் ஒரு பொருளைப் பெற்றோம் என்பது நம்மைப் பாவத்திலிருந்து காப்பாற்றும். அப்பொருளை நமக்குச் சொந்தமாக்கிவிடாது. மௌத்தானவருக்கு எது சொந்தமாக இருந்ததோ அதுவே வாரிசுக்கு வருகிறது. அதற்கு மேல் ஓர் அணுவும் வருவதில்லை. மரணம் பொருளை இடம் மாற்றுகிறதேயன்றி, தூய்மைப்படுத்துவதில்லை.

நம் வீடுகளில் இக்கேள்வி எப்படி எழும்? அந்நாளில் தோட்டத் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிஞ்சியதைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பது வழக்கம். அது அமானிதம். கைமாற்றுக்கு ஈடாக வெள்ளிக் காசோ தங்கக் காசோ வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அது அடைமானம். தாயாருக்கு மஹராகவோ அவருடைய பெற்றோரின் சீதனமாகவோ வந்த தங்கக் காசை, பத்திரமாக இருக்கட்டும் என்று தந்தையார் தம் பெட்டியில் வைத்திருக்கலாம். அது தாயாரின் பொருள். அதைப் பங்கு போட எவருக்கும் உரிமையில்லை. "இந்தப் பெட்டி உனக்குத்தான்" என்று பேரனிடம் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கலாம். ஆயினும் உயிரோடு இருக்கையில் கையில் ஒப்படைக்காத வரையில் அந்த அன்பளிப்பு நிறைவேறியதாகாது என்பதே ஷாபிஈ, ஹனபி ஆகிய நம் இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். தமக்குப் பின் அவனுக்குச் சேர வேண்டுமென்று வஸிய்யத் செய்திருந்தால், அவன் வாரிசாக இல்லாத நிலையில், சொத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் அது செல்லும். வாரிசு ஒருவருக்கே செய்த வஸிய்யத்தானால், மற்ற வாரிசுகள் மனமொப்பினாலன்றிச் செல்லாது.

தந்தையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்படி நாம் சொல்லவில்லை. ஒருவர் கைவசம் இருந்த பொருள் அவருடையதே என்று கொள்வதுதான் சட்டமும் மரியாதையும். ஆனால் பேரேட்டில் ஒரு வரி, உறையின்மேல் ஒரு பெயர், பழைய வேலையாள் சொல்லும் ஒரு செய்தி என்று அடையாளம் ஏதேனும் கிடைத்தால், அதைக் கண்டும் காணாதது போல் கடந்துவிடக் கூடாது. உரியவரையோ அவர் பிள்ளைகளையோ தேடிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிடில் ஆலிம்களைக் கேட்டு, பைத்துல்மாலிலோ உரியவர் பெயரில் தர்மமாகவோ சேர்க்க வேண்டும். தந்தையின் பெயரைக் காப்பாற்றுவது என்பது இதுவே.

உரிமை தீர்ந்தது என்றால் அடுத்தது பங்கு. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 11, 12ஆம் வசனங்களில் வாரிசுகளின் பங்குகள் வகுக்கப்பட்டிருப்பதையும், கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே அப்பங்குகள் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டப்பட்டிருப்பதையும் யாவரும் அறிவர். ஷரியா நீதிமன்றம் தரும் பராயிள் சான்றிதழில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்பது எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்கும் நிலத்துக்கும் பதிவு உண்டு. வங்கிப் பணத்துக்குக் கணக்கு உண்டு. அலமாரியில் கிடக்கும் காசுப் பெட்டிக்கு எந்தப் பதிவும் கிடையாது. அதை முதலில் திறந்தவர் யாரோ அவரும் அல்லாஹ்வும் மட்டுமே அறிவர். ஆகையால் இங்கேதான் மனிதனுடைய உண்மையான சோதனை இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மனைவி, ஒரு மகன், இரு மகள்மாரை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். பெற்றோர் முன்னமே காலமாகிவிட்டனர் என்று வைத்துக் கொள்வோம். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருத்திக்கும் 7. காசுப் பெட்டியின் சந்தை விலை 32,000 ரிங்கிட் என்றால், ஒவ்வொரு மகளுக்கும் சேர வேண்டியது 7,000 ரிங்கிட். ஆனால் விஷயமறிந்த மகன், "பழைய காசுதானே, எல்லாம் கூட்டினால் 1,600 ரிங்கிட்" என்று முகமதிப்பைச் சொல்லி, சகோதரிகளுக்கு ஆளுக்கு 350 ரிங்கிட் கொடுத்துப் பெட்டியைத் தன் பக்கம் வைத்துக் கொள்கிறான். ஒருத்தி பத்து பகாட்டில் இருக்கிறாள். மற்றொருத்தி கடையநல்லூரில் இருக்கிறாள். பிளாஸ்டிக் உறையின்மேல் உள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியாது. "காக்கா கொடுத்தது சரியாகத்தான் இருக்கும்" என்று கையெழுத்திட்டு விடுகிறார்கள். சான்றிதழில் உள்ள பங்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியின் ஹக்கிலிருந்தும் 6,650 ரிங்கிட் போய்விட்டது. அவர்கள் மனமொப்பித் தந்தார்களே என்று அவன் சொல்லலாம். தெரியாததற்கு ஒருவர் எப்படி மனமொப்ப முடியும்? அறியாமையினால் வந்த சம்மதம் சம்மதமாகாது. வாரிசுகளில் வயது வராத பிள்ளை ஒன்று இருந்துவிட்டாலோ, அப்பிள்ளையின் பங்கை விட்டுக் கொடுக்க அதற்கும் அதிகாரமில்லை, தாய்க்கும் அதிகாரமில்லை. அநாதையின் பொருளை உண்பவர்களைப் பற்றி அதே அந்நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நினைத்தாலே உடல் நடுங்கும்.

முகமதிப்பு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு மேலே சொன்ன 1976ஆம் ஆண்டுத் தங்கக் காசே சாட்சி. அதன்மேல் பொறித்திருப்பது 500 ரிங்கிட். அதன் எடை 33.4 கிராம், அதில் தூய தங்கம் மட்டும் சுமார் 30 கிராம். இன்றைய தங்க விலையில் அதன் மதிப்பு முகமதிப்பைப் போல் பல மடங்கு என்பதைச் சிறுபிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலில், எவரும் எதையும் எடுக்கும் முன்பு எல்லா வாரிசுகளின் அறிவோடும் காசுகளுக்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். உறையின் மேலுள்ள அடையாள எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். போலி உறைகளும் சந்தையில் உலவுவதால், அந்த எண்ணை அந்தந்த நிறுவனத்தின் பதிவில் சரிபார்க்க வேண்டும். சம்பந்தமில்லாத இருவரிடமாவது விலை கேட்க வேண்டும். உறையை உடைக்கக் கூடாது. உடைத்தால் அந்த மதிப்பெண் அதோடு போயிற்று. உறையில்லாத பழைய காசைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கும் வழக்கம் நம் பெண்டிரிடம் உண்டு. பித்தளைக் குடத்துக்கு அது நன்று. பழங்காசுக்கு அது கேடு. ஒரு தேய்ப்பில் அதன் விலையில் பெரும்பகுதி போய்விடும். பங்கு பிரியும் வரையில் அப்பொருள் எல்லோருடைய அமானிதமாதலால், ஒருவர் அறியாமல் செய்யும் சேதமும் மற்றவர் பொருளுக்குச் செய்யும் சேதமே.

தரத்துக்கு விலை உண்டா, அல்லது அது வெறும் மோகமா என்ற ஐயமும் எழலாம். தரத்தை நம் மார்க்கம் மறுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கைபரிலிருந்து உயர்ந்த பேரீச்சம்பழம் வந்தபோது, மட்டமான பழம் இரண்டு பங்கைக் கொடுத்து நல்ல பழம் ஒரு பங்கு வாங்கியதாகச் சொல்லப்பட்டது. நாயகம் அவர்கள் அதைத் தடுத்து, மட்டமானதைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தால் நல்லதை வாங்கும்படி பணித்தார்கள். உயர்வு தாழ்வு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அது மறைவான பண்டமாற்றில் அல்லாமல் வெளிப்படையான விலையில் தெரிய வேண்டும் என்று கற்பித்தார்கள். சகோதரர்கள் "என் இரண்டு தங்கக் காசுக்கு உன் 70 எண் தங்கக் காசு" என்று தங்கத்துக்குத் தங்கம் கூடக் குறைய மாற்றிக் கொள்வது இதனால் ஆகாது. விலை குறித்து, கைக்குக் கை பணத்தால் தீர்த்துக் கொள்வதே நேர்வழி.

தந்தையார் ஆசையோடு சேர்த்ததை விற்பதா என்று மனம் வருந்துவோரும் உண்டு. அந்த வருத்தம் மதிக்கத்தக்கது. விற்றே தீர வேண்டுமென்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. சேகரிப்பு சிதறாமல் இருக்க விரும்பும் பிள்ளை, நியாய விலையைத் தன் பங்கில் கழித்துக் கொண்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பெட்டியைத் தானே வைத்துக் கொள்ளலாம். ஆனால் நினைவைப் போற்றுவதற்கான செலவைச் சகோதரிகளின் தலையில் சுமத்தக் கூடாது. பாசத்துக்கு உரிய விலையைப் பாசமுடையவரே கொடுக்க வேண்டும்.

வைத்துக் கொள்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. அதுவே ஜகாத். இஸ்லாமிய தீனார் 4.25 கிராம் எடையுள்ளது. 20 தீனார் 85 கிராம் ஆகிறது. தங்கத்தின் நிஸாப் அதுவே. வெள்ளி உலோகத்துக்கு 200 திர்ஹம், அதாவது 595 கிராம். மேற்சொன்ன 500 ரிங்கிட் தங்கக் காசுகள் மூன்று ஒருவருடைய பங்கில் வந்தாலே தங்கம் 85 கிராமைத் தாண்டிவிடும். உறையில் மூடியிருப்பதாலோ பார்த்து மகிழ வைத்திருப்பதாலோ காசாக உள்ள தங்கத்துக்கு விலக்கில்லை. சந்திர ஆண்டு ஒன்று நிறைந்ததும் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். செம்பாலும் நிக்கலாலும் ஆன காசுகளை வியாபார நோக்கமின்றி வைத்திருந்தால் அவற்றுக்கு ஜகாத் இல்லை. தந்தையார் தம் காலத்தில் அத்தங்கத்துக்கு ஜகாத் கொடுத்து வந்தாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். கொடுக்காதிருந்தால் ஷாபிஈ மத்ஹபில் அது கடனாகச் சொத்திலிருந்து முதலில் கழிக்கப்படும். ஹனபி மத்ஹபில் அவர் வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கொடுக்கப்படும். ஜகாத் கொடுக்கப்பட்ட பொருளைச் சேர்த்து வைப்பது குற்றமான பதுக்கலாகாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. எனவே காசு சேர்ப்பதை நாம் குறை கூறவில்லை. சேர்த்ததன் மீதுள்ள ஹக்கை மறப்பதையே குறை கூறுகிறோம்.

காசு சேர்க்கும் பழக்கமுடைய பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளை இந்தச் சோதனையில் விட்டுச் செல்லாதீர்கள். எது உங்களுடையது, எது மனைவியுடையது, எது பிறருடைய அமானிதம், எதை எங்கே என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு சிறு நோட்டில் எழுதி, வீட்டில் இருவருக்காவது தெரியும்படி வைத்துவிடுங்கள். அந்த நோட்டு இல்லாத குறையினால் பேச்சு வார்த்தையற்றுப் போன சகோதரர்கள் எத்தனை பேர்!

உறைக்குள் இருக்கும் காசுக்கு எண் போட அயல்நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காசைப் பங்கிட்ட கைகளின் கணக்கைப் பார்ப்பவன் வேறொருவன் இருக்கிறான். அவனிடம் முகமதிப்பும் சந்தை விலையும் மறைவதில்லை. பெட்டியைத் திறக்கும் வேளையில் அந்த நினைவு நம் எல்லோருக்கும் இருக்க அல்லாஹுத்தஆலா அருள்புரிவானாக.